‘போய் வருகிறேன்’: ஒரு குழப்படிக்காரனின் கதை



இலக்கியம் பற்றிப் பேச வருகின்ற ஒரு தமிழாசிரியன் காவியம் ஒன்றையோ, நாவல் ஒன்றையோ எடுத்துக்கொள்வான் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சித்திரக்கதை. அதுவும் யப்பானியச் சித்திரக்கதை. அதன் நாயகனுக்கு வயது ஐந்து. உருளைக்கிழங்கு போன்ற தலை, தடித்த இரண்டு புருவங்கள், ஓயாத வாய். ‘கிரேயொன் ஷின்-சான்’ என்பது அந்தக் கதையின் பெயர். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவனை அறிமுகம் செய்ய வேண்டிய தேவை இல்லை. உங்களுக்குத்தான் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும். ஏனெனில் சென்ற ஆண்டுவரை எனக்கும் அவனைத் தெரியாது.

அவனை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எட்டாந் தரத்தில் எனக்குத் தமிழ்ப் பாடம். நான் பாடத்தைத் தொடங்கிச் சற்று நேரம் சென்ற பின்னர், நூலகத்துக்குப் போயிருந்த ஒரு மாணவன் வாசலில் வந்து நின்றான். “உள்ளே வரலாமா, சேர்?” என்று கேட்பதே முறை. அவனோ வாசலில் நின்றபடி, ஏதோ நான்தான் வெளியிலிருந்து வருபவன் போல, “வாங்கோ, சேர், வாங்கோ!” என்று உரத்த குரலில் என்னை வரவேற்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தப் பாடவேளை முடியும்வரை அவனை விறாந்தையில் நிற்க வைத்தேன். மணி அடித்த பின்னர், முன்வரிசைப் பிள்ளை ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, “சேர், அவன் உங்களை நக்கலடிக்கேல்லை. அது ஷின்-சான் சொல்லுறது” என்றான்.

அன்று மாலை வீட்டில் என் மகளிடம் கேட்டேன். “அப்பா, ஷின்-சானைத் தெரியாதோ?” என்று அவள் சிரித்த சிரிப்பிலேயே என் அறியாமையின் அளவு எனக்கு விளங்கிற்று. இந்தியத் தொலைக்காட்சிக்காகத் தமிழில் குரல் கொடுக்கப்பட்ட காட்சிகள் சிலவற்றை முதலில் காட்டினாள். பின்னர், வெளிநாட்டிலிருந்து அவளுடைய மச்சாள் அனுப்பிய ஆங்கில மொழிபெயர்ப்பு நூல்கள் சிலவற்றைக் கொண்டுவந்து வைத்தாள். உண்மையைச் சொல்வதானால், குற்றம் காண்பதற்காகவே நான் அவற்றைப் படிக்கத் தொடங்கினேன். விடுமுறை முடிவதற்குள் என் எண்ணம் வேறாகிவிட்டது. அது ஏன் என்பதே இன்றைய என் பேச்சு.

நேயர்களே, இந்தக் கதையை ஆக்கியவர் யொஷிதோ உசுய். 1958ஆம் ஆண்டில் ஷிசுவோக்கா என்னும் நகரிற் பிறந்தவர். டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாகாணத்தில் உள்ள கசுகாபே என்னும் ஊரில் வளர்ந்தவர். விளம்பரத் தொழிலில் இருந்துகொண்டு படக்கதை எழுத முயன்று, 1985இல் ஒரு வார சஞ்சிகையின் வழியாக அறிமுகமானார். ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்பவர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. அந்தத் தொடரில் வந்து போன ஒரு பாத்திரத்திலிருந்து முளைத்தவனே நமது ஐந்து வயதுக் குழப்படிக்காரன். 1990ஆம் ஆண்டில் ‘வீக்லி மங்கா அக்ஷன்’ என்னும் அதே சஞ்சிகையில் அவன் தனிக்கதையாக வெளிவரத் தொடங்கினான்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சஞ்சிகை சிறுவர்களுக்குரியதன்று, வயது வந்தவர்களுக்குரியது. வேலை முடிந்து களைத்துப்போய்ப் புகையிரதத்தில் வீடு திரும்புகின்ற ஒரு மனிதன் புரட்டிப் பார்க்கின்ற வகையைச் சேர்ந்தது. அப்படியானால், ஐந்து வயதுப் பிள்ளையின் கதையைப் பெரியவர்கள் ஏன் படித்தார்கள்? அந்தக் கதையில் வருகின்ற தகப்பனும் தாயும் தாங்களே என்று கண்டுகொண்டபடியால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். நொஹாரா என்பது குடும்பப் பெயர். தகப்பன் ஹிரோஷிக்கு வயது முப்பத்தைந்து. வடக்கே அக்கித்தா என்னும் நாட்டுப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்து, ஒரு கந்தோரிலே சிறிய பதவி வகிப்பவன். வாங்கிய வீட்டுக்கு இன்னும் 32 வருடக் கடன் கட்டவேண்டியிருக்கிறது. அவன் சப்பாத்தைக் கழற்றினால் காலுறையின் நாற்றம் வீட்டையே அடித்து வீழ்த்தும். தாய் மிசாயே தெற்கே குமாமோத்தோவைச் சேர்ந்தவள். இருபத்தொன்பது வயது. மலிவு விற்பனை எங்கே நடந்தாலும் முதல் ஆளாக நிற்பாள். உடல் மெலிய வேண்டும் என்று காலையிலே சபதம் செய்து மாலையிலே இனிப்புச் சாப்பிடுவாள். ஷிரோ என்று ஒரு நாய். ஷிரோ என்றால் வெள்ளை. நம்மூரிலே வெள்ளையன் என்போம் அல்லவா, அது போல. அட்டைப்பெட்டியில் யாரோ கைவிட்டுப் போனதை ஷின்-சான் தூக்கிக்கொண்டு வந்தான். பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குறுதியும் கொடுத்தான். ஆனால் அதற்குச் சாப்பாடு வைக்க மறப்பதே அவனது நாளாந்த வேலை. உடலைச் சுருட்டித் தும்புமிட்டாய் போலக் கிடக்கிற ஒரு வித்தையை மாத்திரம் அதற்குப் பழக்கியிருக்கிறான். பின்னர் 1996இல் தொலைக்காட்சித் தொடரில் ஒரு தங்கை பிறந்தாள். அவளுடைய பெயரை நேயர்களின் யோசனைகளிலிருந்து தெரிந்தெடுத்தார்கள்: ஹிமாவாரி, அதாவது சூரியகாந்தி. தங்கை பிறந்த பின்னரும் தமையனுக்கு வயது ஐந்தேதான்.

இவ்வளவுதான் கதை. அரக்கனும் இல்லை, அரசகுமாரனும் இல்லை. பள்ளி செல்வது, கடைக்குப் போவது, தாயுடன் சண்டை பிடிப்பது, கறிமிளகாயைச் சாப்பிட மறுப்பது, ‘அக்ஷன் காமென்’ என்ற வீரனின் படத்தைப் பார்ப்பது, உறங்குவது. ஒரு வீட்டில் ஒரு நாளில் என்ன நடக்குமோ அது நடக்கிறது. நாலைந்து பக்கங்களுக்குள் ஒரு கதை முடிந்துவிடும். படங்களும் ஒரு பிள்ளை கீறியது போன்ற எளிய கோடுகளே.

சரி, நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது? ஷின்-சான் பொய் சொல்லத் தெரியாதவன் என்பதிலிருந்து பிறக்கிறது. பெரியவர்கள் மனத்திலே ஒன்றை வைத்துக்கொண்டு வாயாலே வேறொன்றைப் பேசுகின்ற இடங்களில் அவன் நுழைந்து, மனத்திலே இருப்பதை வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறான். அவனுடைய பாலர் பாடசாலை அதிபர் மிகவும் சாதுவான மனிதர். ஆனால் முகமோ சண்டியர் கூட்டத் தலைவனின் முகம். எல்லோரும் உள்ளுக்குள் அப்படியே நினைக்கிறார்கள். வாய்விட்டுத் ‘தலைவரே’ என்று கூப்பிடுபவன் ஷின்-சான் ஒருவன்தான். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் ‘நான் அதிபர், தம்பி’ என்று திருத்துவார். திருத்தத் திருத்த அந்த முகம் இன்னும் பயங்கரமாகத் தெரியும். சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் சிரித்து முடிந்த பிறகு, முகத்தை வைத்து ஆளை எடைபோட்டவர்கள் நாம் என்பது நினைவுக்கு வரும்.

அவனுடைய தோழர்களும் இவ்வாறே. கசாமா என்பவன் கெட்டிக்காரன். பெரிய மனிதனைப் போலப் பேசுவான். ஆனால் சிறுமிகளுக்கான படத்தொடர் ஒன்றில் அவனுக்குள்ள ஆசையை எவருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறான். மாசாவோ அழுமூஞ்சி. போ-சான் மூக்கொழுகியபடி ஒன்றும் பேசாமல் கற்களைச் சேர்ப்பவன். நேனே என்ற சிறுமிக்கு வீடுகட்டி விளையாடுவதிலே விருப்பம். அவளுடைய விளையாட்டு வீட்டிலே சோறு கறி ஆக்குவது மாத்திரம் நடக்காது. கணவன் மனைவி சண்டை, வீட்டுப் பணக்கஷ்டம், சந்தேகம், பிரிவு எல்லாம் நடக்கும். பையன்கள் அதிலே நடிக்கப் பயந்து ஓடுவார்கள்.

தமிழ் படிப்பிப்பவன் என்ற முறையில் இந்த இடத்திலே எனக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவம் உண்டு. சிறுமியர் மணலிலே வீடு கட்டி விளையாடுவர். குறும்புக்காரப் பிள்ளை வந்து அதைக் காலால் அழிக்கப் பார்ப்பான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவர். பிள்ளையின் குழப்படிக்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கி, அதைப் பத்துப் பாட்டாற் பாடிய மொழி நமது மொழி. அதை நான் வகுப்பிலே எத்தனையோ ஆண்டுகள் நயந்து நயந்து படிப்பித்திருக்கிறேன். கடவுளும் அரசனும் செய்த குழப்படி எனக்கு இலக்கியமாகத் தெரிந்தது. எட்டாந் தரத்துப் பிள்ளை செய்தது ஒழுக்கக் கேடாகத் தெரிந்தது. இதை நான் உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை.

நேயர்களே, மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி இந்தக் கதை யப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்தது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டது, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்திலே வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அவனைப் போலவே பேசத் தொடங்கினார்கள். காற்சட்டையைக் கழற்றிவிட்டு ஆடுகின்ற ஆட்டத்தையும் பழகினார்கள். பெற்றார் கொதித்தெழுந்தார்கள். தம் பிள்ளைகள் பார்க்கக் கூடாத நிகழ்ச்சி எது என்று யப்பானியப் பெற்றார் ஆசிரியர் சங்கம் கருத்துக் கேட்ட காலங்களிலெல்லாம் இந்தத் தொடர் பல ஆண்டுகள் முன்வரிசையிலேயே நின்றது. இந்தியாவிலே 2008ஆம் ஆண்டில் அரசாங்கம் இதைத் தடை செய்தது. பின்னர் பல இடங்களை வெட்டிய பிறகே மீண்டும் ஒளிபரப்பானது.

அந்தப் பெற்றாரின் கவலையை நான் பழிக்க மாட்டேன். மூலக்கதையிலே பெரியவர்களுக்கான கேலிகள் உண்டு. பிள்ளைகளின் கையிலே கொடுக்கக் கூடாத பக்கங்களும் உண்டு. நான் என் மகளிடமிருந்த நூல்களிலே ஒன்றை எடுத்து, கொஞ்சக் காலத்துக்கு என் அலுமாரியிலே வைத்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு எதிர்ப்பின் பின்னரும் அவன் ஏன் நிலைத்தான்? குழப்படி மாத்திரம் காரணமாக இருந்திருந்தால், நாலு வருடத்திலே சலித்துப் போயிருக்கும். அவனைத் தாங்கிக்கொள்கின்ற ஒரு வீடு அந்தக் கதையிலே இருக்கிறது என்பதே அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய் அவனுடைய தலையிலே இரண்டு முட்டிகளையும் வைத்துத் திருகுவாள், குட்டுவாள், கத்துவாள். ஆனாலும் அவன் மாலையிலே எந்த வீட்டுக்குத் திரும்பி வருவான் என்பதில் ஒரு நாளும் சந்தேகம் இல்லை. பயமில்லாத இடத்திலேதான் பிள்ளை குழப்படி செய்யும்.

இனி, அந்த மாணவன் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். இது மொழி பற்றிய விடயமாதலால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

யப்பானியர் வீட்டை விட்டு வெளியே போகும்போது ‘இத்தே கிமாசு’ என்பார்கள். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாசு’ என்றால் வருகிறேன். அதாவது, போய் வருகிறேன். வீட்டில் இருப்பவர் அதற்கு மறுமொழியாகப் போய் வா என்ற பொருளிலே ஒரு சொல் சொல்வார். என்ன ஒற்றுமை பாருங்கள்! நாமும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. சொன்னால், ‘போறன் எண்டு சொல்லாதை, போட்டு வாறன் எண்டு சொல்லு’ என்று வீட்டிலே திருத்துவார்கள். கடலுக்கு அப்பால், வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியிலே, அதே அச்சத்துக்கும் அதே அன்புக்கும் அதே சொல்லமைப்புக் கிடைத்திருக்கிறது.

திரும்பி வரும்போது யப்பானியர் ‘தாதைமா’ என்பார்கள். இதோ, இப்போது வந்துவிட்டேன் என்பது பொருள். வீட்டில் இருப்பவர் ‘ஒகாயெரி’ என்பார். திரும்பி வந்தாயா, வா என்பது பொருள். ஒவ்வொரு யப்பானிய வீட்டு வாசலிலும் நாள்தோறும் நடக்கின்ற உரையாடல் இது.

ஷின்-சான் இதை மாற்றிச் சொல்பவன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது, வந்துவிட்டேன் என்று சொல்லாமல், ‘ஒகாயெரி’, வா வா என்று சொல்லிக்கொண்டு வருவான். வருபவனே வரவேற்கிறான்! உள்ளேயிருந்து தாய், ‘தாதைமா என்றல்லவா சொல்ல வேண்டும்!’ என்று கத்துவாள். மறுநாளும் அவன் அதையே சொல்வான். மறுநாளும் அவள் திருத்துவாள். ஆயிரம் முறை நடந்தும் சலிக்காத நகைச்சுவை இது. சலிக்காததன் காரணம் எனக்கு முதலில் விளங்கவில்லை. மீண்டும் யோசித்தபோதுதான் விளங்கிற்று. அவன் தவறாகச் சொல்வதற்கு, உள்ளே திருத்துவதற்கு ஓர் ஆள் இருக்கவேண்டும்.

இந்தக் கதையிலிருந்து ஆண்டுதோறும் திரைப்படங்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலே 2001ஆம் ஆண்டில் கெய்ச்சி ஹாரா இயக்கிய படம் ஒன்றை மகளுடன் இருந்து பார்த்தேன். இருபதாம் நூற்றாண்டுக் கண்காட்சி என்று ஒரு பெரிய பூங்கா திறக்கப்படுகிறது. பெரியவர்களின் இளமைக் காலத்துத் தெருக்கள், கடைகள், 1970ஆம் ஆண்டு ஒசாக்காவிலே நடந்த உலகக் கண்காட்சி எல்லாம் அங்கே மீண்டும் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பழைய காலத்தின் வாசனையை முகர்ந்த பெரியவர்கள் மயங்கி, தாமே சிறுபிள்ளைகளாகி, பெற்ற பிள்ளைகளைக் கைவிட்டு அங்கே போய்விடுகிறார்கள். ஷின்-சானின் தகப்பனும் தாயும் போய்விடுகிறார்கள்.

தகப்பனை மீட்பதற்கு மகன் என்ன செய்தான் தெரியுமா? தகப்பனுடைய நாறுகின்ற சப்பாத்தைக் கழற்றி அவனுடைய மூக்கிலேயே வைத்தான். வாசனைக்கு மருந்து நாற்றம்! அந்த நாற்றத்தோடு ஹிரோஷிக்குத் தன் வாழ்க்கை முழுவதும் நினைவுக்கு வருகிறது. தந்தையின் சைக்கிளின் பின்னே இருந்து போன நாள், ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்த நாள், கந்தோரிலே பட்ட பாடு, வெயிலிலே நடந்து நடந்து சிந்திய வேர்வை, திருமணம், மகன் பிறந்தது, வீடு வாங்கியது, இரவிலே களைத்துத் திரும்பும்போது வாசலிலே நின்ற முகங்கள். ஒரு வசனமும் இல்லாமல் இந்தக் காட்சி போகிறது. இறுதியிலே அந்த மனிதன் மகனைக் கட்டிப்பிடித்து அழுகிறான். இத்தனை நாளாக நாம் சிரித்த அந்தக் காலுறை நாற்றம், ஒரு மனிதன் தன் குடும்பத்துக்காக நடந்த நடையின் நாற்றம் என்பது அப்போது விளங்குகிறது. ‘அந்தக் காலத்திலே’ என்று வாய் ஓயாமல் பேசுகின்ற என் போன்றவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். பழைய காலத்தை நினைத்து நாம் மயங்கியிருக்கும் வேளையிலே, பக்கத்திலே ஒரு பிள்ளை தனித்து நிற்கக்கூடும்.

நேயர்களே, ஷின்-சானை ஆக்கிய யொஷிதோ உசுய் 2009ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் திகதி, குன்மா மாகாணத்துக்கும் நகானோ மாகாணத்துக்கும் எல்லையிலே உள்ள அராஃபுனே மலைக்குப் போனார். ஒரே நாளிலே போய்த் திரும்புகின்ற மலைநடை. அவர் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் செங்குத்தான பாறையின் அடியிலே அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. கால் தவறி விழுந்திருக்கிறார். வயது 51. அவருடைய புகைப்படக் கருவியில் இருந்த கடைசிப் படம், அந்தப் பாறை உச்சியிலிருந்து கீழ்நோக்கி எடுக்கப்பட்டதாக இருந்தது. போய் வருகிறேன் என்ற சொல்லை எவ்வளவோ தடவை நகைச்சுவையாக்கிச் சிரிக்க வைத்த மனிதர் அவர். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் இருந்தபடியால் தொடர் 2010ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை வெளிவந்தது. அதே ஆண்டில் அவருடைய உதவியாளர்கள் புதிய தொடராக அதை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். எழுதியவர் போய்விட்டார். ஐந்து வயதுப் பிள்ளை இன்னமும் மாலையிலே கதவைத் திறந்துகொண்டு வருகிறான்.

இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு என் அம்மம்மாவின் நினைவு வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஓரிரவிலே ஊரை விட்டுப் பெயர்ந்தபோது, எனக்குப் பதினாறு வயது. எல்லோரும் படலைக்கு வெளியே நின்று அவசரப்படுத்த, அம்மம்மா கதவைப் பூட்டிவிட்டு, அந்த வெறும் வீட்டைப் பார்த்து, “போட்டு வாறம்” என்றார். மறுமொழி சொல்ல உள்ளே ஒருவரும் இல்லை. அப்போது எனக்கு அது விசித்திரமாகத் தெரிந்தது.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும், அந்த மாணவனைத் தனியே கூப்பிட்டேன். “நானும் ஷின்-சான் படிச்சனான், தம்பி” என்றேன். அவன் நம்பவில்லை. நாயின் பெயரைச் சொன்ன பிறகுதான் முகம் மலர்ந்தது. “அண்டைக்கு ஏன் வகுப்பிலை அப்பிடிச் சொன்னனீர்?” என்று கேட்டேன். அவன் சற்று நேரம் தலையைக் குனிந்து நின்றான். பிறகு சொன்னான்: “நக்கலுக்கு இல்லை, சேர். வாயிலை வந்திட்டுது. பள்ளிக்கூடம் விட்டுப் போனால் வீட்டை ஒருத்தரும் இல்லைத்தானே. அப்பா வெளிநாட்டிலை. அம்மா கடையிலை வேலை முடிஞ்சு வர ஏழு மணியாகும். அதாலை திறப்பாலை கதவைத் திறந்துபோட்டு, நானே ‘வா, வா’ எண்டு சொல்லுறனான்.”

நேயர்களே, பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியன் நான். பிள்ளைகளின் உளவியல் பற்றிப் பரீட்சை எழுதிச் சித்தியெய்தியவன். அந்தப் பிள்ளை விறாந்தையிலே நின்ற நாற்பது நிமிடத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. யப்பானியப் பிள்ளை அந்தச் சொல்லை மாற்றிச் சொல்லும்போது, திருத்துவதற்கு உள்ளே ஒரு தாய் இருக்கிறாள். நம்முடைய பிள்ளை அதே சொல்லை ஒருவரும் இல்லாத வீட்டுக்குள்ளே சொல்கிறான். ஒருவன் குழப்படியாலே சொல்கிறான்; மற்றவன் தனிமையாலே சொல்கிறான். இரண்டையும் வேறுபிரித்து அறிய எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. அவருடைய சப்பாத்திலும் ஹிரோஷியின் சப்பாத்தில் உள்ளதே இருக்கும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு பிள்ளை குழப்படி செய்யும்போது, தண்டிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்போம்: இந்தச் சொல்லை இவன் எங்கிருந்து கொண்டுவருகிறான்? புத்தகத்திலிருந்தா, தொலைக்காட்சியிலிருந்தா, வீட்டிலிருந்தா? கேட்டுப் பார்த்தால், நாம் அஞ்சுகின்ற சித்திரக்கதை பல வேளைகளிலே குற்றவாளியாக இராது. பிள்ளைக்குச் சொல்லத் தெரியாத ஒன்றைச் சொல்வதற்கு அது ஒரு சொல்லைக் கொடுத்திருக்கும். இலக்கியம் நம் எல்லோருக்கும் செய்கின்ற உதவி அதுதானே? அந்த அளவிலே ஷின்-சானையும் இந்த இலக்கிய மேடையிலே ஒரு மூலையில் இருத்தலாம் என்பது என் எண்ணம். இருத்தினாலும் அவன் சும்மா இருக்கப் போவதில்லை என்பது வேறு விடயம்.

மறுநாள் பாடவேளை. வேண்டுமென்றே நான் சற்று முந்தியே வகுப்புக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அவனும் வந்து வாசலிலே நின்றான். அவன் வாய் திறப்பதற்கு முன்னரே, “வாரும், தம்பி, வாரும்” என்றேன்.

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு முறைப்படி, சரியான சொல்லைச் சொன்னான்.

“வந்திட்டன், சேர்.”